கட்டளையிட முடியாத இடங்களில் உருவாகும் தலைவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பிள்ளைகளுக்கான தலைமைத்துவப் பயிற்சி முகாம்களைப் பற்றிய விளம்பரங்கள் பெற்றோரின் கைப்பேசிகளை நிறைத்துவிடுகின்றன. பெருந்தொகை கட்டணம் செலுத்தி இரண்டு மூன்று நாள் முகாமுக்கு அனுப்பி, சான்றிதழுடன் திரும்பும் பிள்ளை தலைமை தாங்கக் கற்றுக்கொண்டுவிட்டது என்று மகிழும் பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. ஆனால், மனிதவளத் துறையில் நீண்ட காலம் பணியாற்றி, பலரை வேலைக்குத் தேர்ந்தெடுத்தும் மேற்பார்வையாளர்களாக உயர்த்தியும், அவர்களுள் சிலர் மிளிர்ந்ததையும் வேறு சிலர் திணறியதையும் அருகிலிருந்து பார்த்தவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். கட்டணமே இல்லாத, இந்த முகாம்களைவிடப் பன்மடங்கு கடுமையான பயிற்சிக் களங்கள் நம் சமூகத்திடமே இருக்கின்றன. அவற்றைப் பயிற்சிக் களங்களாக நாம் எண்ணுவதே இல்லை. கோயிலின் அன்னதானக் கூடம், தைப்பூச ஊர்வலப் பாதை, பல்கலைக்கழக மாணவர்களின் நாடக மேடை, வெளிநாட்டு ஊழியர்களுக்கான உதவித் தொலைபேசி ஆகியவற்றையே சொல்கிறேன். அங்கெல்லாம் ஒருவர் தோளில் முழுப் பொறுப்பும் இருக்கும். ஆனால் யாரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரம் இருக்காது. நல்ல தலைவர்கள் அந்த நெருக்கடியில்தான் உருவாகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

திருவிழா இரவில் ஓர் அன்னதானக் கூடத்தை நடத்துவது எத்தகைய வேலை என்பது சாப்பிட்டுவிட்டுச் செல்பவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. தைப்பூசத்துக்கு முந்திய நாள் நள்ளிரவை ஒட்டியே பால்குடங்கள் புறப்படத் தொடங்கிவிடும். அதற்குப் பல மணி நேரம் முன்பே காய்கறி நறுக்கும் வேலை தொடங்கியிருக்க வேண்டும். நான் தொண்டூழியம் செய்யும் கோயிலில் ஓராண்டு அந்தக் கூடத்தின் பொறுப்பு, பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்து முடித்திருந்த ஓர் இளம்பெண்ணிடம் வந்து சேர்ந்தது. வழக்கமாகப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் உடல்நலமின்றிப் போனதே அதற்குக் காரணம். அவளுக்குக் கீழே வேலை செய்தவர்களில் துறைமுகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், வங்கி அதிகாரி, விடுப்பு நாளில் வந்திருந்த கட்டுமான ஊழியர்கள், தொடக்கக் கல்லூரி மாணவர்கள், எழுபது வயதைக் கடந்த மூன்று பாட்டிமார்கள் ஆகியோர் இருந்தனர். ஒருவருக்கும் ஒரு வெள்ளிகூடச் சம்பளம் கிடையாது. மனம் கோணினால் யார் வேண்டுமானாலும் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

பின்னிரவில் சோறு குறையத் தொடங்கியது. வரிசையோ வாசலைத் தாண்டி நின்றது. இன்னொரு அண்டா அரிசியை உலையில் போட்டால் அது வெந்து இறங்கும்வரை வரிசை காத்திருக்க வேண்டும். கூட்டம் அதற்குள் குறைந்துவிட்டால் அவ்வளவு சோறும் மிஞ்சும். போடாவிட்டால் காவடி சுமந்தவர்களுடன் நடந்து வந்த குடும்பங்கள் பசியோடு திரும்ப நேரிடும். அந்தப் பெண் அடுப்பருகே நின்ற மூத்த சமையற்காரரிடம் சென்று, “மாமா, இன்னும் ஓர் அண்டா ஏற்றிவிடலாமா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்டாள். அவர் அடுப்பின் சூட்டையும் வரிசையின் நீளத்தையும் பார்த்துவிட்டு, “அரை அண்டா போடும்மா, அதுவே போதும், அதுவரைக்கும் முதலில் பாயசத்தைக் கொடுக்கச் சொல்லு” என்றார். அவள் உடனே பரிமாறும் இடத்துக்குப் போய், பாட்டிமார்களிடம் காரணத்தைச் சொல்லி, பாயசக் கிண்ணங்களை முன்னால் நகர்த்தச் செய்தாள். வரிசையில் நின்றவர்களிடமும் தானே சென்று, சோறு வெந்துகொண்டிருக்கிறது என்று மறைக்காமல் சொன்னாள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

இதில் அவள் செய்தவற்றைச் சற்று கவனித்துப் பார்க்க வேண்டும். தன்னைவிட அதிகம் தெரிந்தவர் யார் என்று அறிந்து அவரிடம் கேட்டாள். ஆனால் முடிவெடுக்கும் பொறுப்பை அவர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கவில்லை. வேலை செய்பவர்களுக்குக் காரணம் சொன்னாள். காத்திருப்பவர்களிடம் உண்மையைச் சொன்னாள். “நான் பொறுப்பாளர், சொன்னதைச் செய்யுங்கள்” என்று அவள் ஒருமுறை சொல்லியிருந்தால்கூட அந்த அடுப்படி பாதியாகக் காலியாகியிருக்கும். அலுவலகத்தில் புதிதாகப் பதவி உயர்வு பெற்றவர்களுக்கு இந்தப் பாடத்தைப் புகட்டத்தான் நிறுவனங்கள் வெளியிலிருந்து பயிற்றுநர்களை வரவழைக்கின்றன. என் அனுபவத்தில், மேற்பார்வையாளரான முதல் ஆண்டில் மிகவும் தடுமாறியவர்கள் வேலை தெரியாதவர்கள் அல்லர். அதுவரை தம் பேச்சைக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர்களோடு சேர்ந்து எதையும் செய்து பழகாதவர்களே.

தைப்பூச ஊர்வலப் பாதையும் அப்படித்தான். சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில்வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தப் பாதையில் நிற்கும் தொண்டூழியருக்கு, முன்னால் நிற்கும் காவடியின் குடும்பம் இன்னும் ஒரு பாட்டுப் பாடிவிட்டு நகர்கிறோம் என்கிறது. பின்னால் வரும் காவடிக்காரருக்கோ கால் கடுக்கிறது. போக்குவரத்தைக் கவனிக்கும் காவல்துறையினர் வழியை விடச் சொல்கின்றனர். 2016 முதல் வழியில் குறிப்பிட்ட சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்த பிறகு, எங்கே இசைக்கலாம், எங்கே கூடாது என்று பக்தர்களுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லும் வேலையும் தொண்டூழியர்களுடையதாயிற்று. பக்தியின் உச்சத்தில் இருப்பவரிடம் விதியைச் சொல்லிப் புரியவைக்க முடிந்தவருக்கு, கோபமாக வரும் வாடிக்கையாளர் ஒரு பொருட்டே அல்லர்.

சாகசப் பயிற்சி முகாம்களின் மூலத்தைப் பார்த்தாலும் இதே உண்மைதான் தெரிகிறது. புலாவ் உபினில் 1967ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளியை நம் பிள்ளைகளில் பலர் அறிவார்கள். அந்த இயக்கத்தின் முதல் பள்ளி 1941ல், போர் நடந்துகொண்டிருந்தபோது, வேல்ஸ் நாட்டின் அபர்டோவி என்ற கடலோர ஊரில் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்கள் கல்வியாளர் குர்ட் ஹானும், புளூ ஃபனல் கப்பல் நிறுவனத்தைச் சேர்ந்த லாரன்ஸ் ஹோல்ட்டும். குண்டடி பட்டு மூழ்கும் கப்பல்களிலிருந்து உயிர்காப்புப் படகுகளில் ஏறும் மாலுமிகளில், உடல்வலிமை மிகுந்த இளைஞர்களைவிட அனுபவம் முதிர்ந்தவர்களே அதிகம் பிழைக்கிறார்கள் என்பது ஹோல்ட்டின் கவலையாக இருந்தது. ஆகவே, தலைவர்களை உருவாக்க வேண்டும் என்று தொடங்கிய பள்ளி அல்ல அது. நடுக்கடலில் ஒருவரையொருவர் உயிரோடு காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்ற உண்மையான தேவையிலிருந்து பிறந்தது. தேவை உண்மையாக இருந்ததால்தான் பயிற்சியும் உண்மையாக இருந்தது. கயிற்றில் தொங்குவதும் பாறையில் ஏறுவதும் பயன் தருபவைதாம். ஆயினும் கீழே பாதுகாப்பு வலை இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியும். அன்னதானக் கூடத்தில் பசியோடு நிற்பவர் உண்மையிலேயே பசியோடு நிற்கிறார்.

நம் நாட்டின் வரலாற்றிலும் இதற்குச் சான்றுகள் உள்ளன. 1999 முதல் 2011வரை அதிபராக இருந்த திரு எஸ்.ஆர். நாதன், 1955ல் அரசாங்கச் சேவையில் சேர்ந்தபோது மருத்துவ சமூகப் பணியாளராகவே தொடங்கினார். அடுத்த ஆண்டு கடலோடிகளின் நல அதிகாரி ஆனார். பிறகு 1962ல் தொழிற்சங்கங்களுக்கு உதவும் தொழிலாளர் ஆய்வுப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். நோயாளியின் குடும்பத்திடமும், கடலிலிருந்து கரையேறிய மாலுமிகளிடமும், கோபத்தில் கொதிக்கும் தொழிலாளர்களிடமும் பேசிப் பழகிய ஆண்டுகள் அவை. 1974ல் ஆயுதக்காரர்கள் லாஜு என்ற படகைக் கடத்தி அதிலிருந்தவர்களைப் பிணை பிடித்தபோது, தற்காப்பு அமைச்சில் இருந்த அவர், பிணையாளிகளின் விடுதலைக்காகக் கடத்தல்காரர்களுடன் குவைத்துக்குப் பறந்த 13 சிங்கப்பூரர் கொண்ட குழுவுக்குத் தலைமை தாங்கினார். கடத்தல்காரர்களுடன் ஒரே விமானத்தில் நிதானம் இழக்காமல் அமர்ந்திருந்த அந்தத் துணிவு, தற்காப்பு அமைச்சின் நாற்காலியில் அமர்ந்த பிறகு வந்தது என்று நான் நம்பவில்லை. கப்பல்துறையில் மாலுமிகளின் குறைகளைக் கேட்டுக்கொண்டிருந்த நாள்களிலேயே அதற்கான வித்து விழுந்திருக்க வேண்டும்.

இன்னொரு சான்று, நம் பெண்களைப் பற்றியது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். 1943 அக்டோபரில் வாட்டர்லூ ஸ்திரீட்டில், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் மகளிர் பிரிவான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அதன் தளபதியான டாக்டர் லட்சுமி அதற்கு முன்பு சிங்கப்பூரில் ஏழை இந்தியத் தொழிலாளர்களுக்கு மருத்துவம் பார்த்துவந்தவர். அந்தப் படையில் சேர்ந்தவர்களில் மிகப் பலர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த தமிழ்ப் பெண்கள். பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிக்காதவர்களும் அவர்களில் இருந்தார்கள். வசதியான குடும்பத்துப் பெண்களும் அதே முகாமில் அவர்களோடு உண்டு, உறங்கி, அணிவகுத்தார்கள். அப்படிக் கோலாலம்பூரிலிருந்து பதினெட்டு வயதில் வந்து சேர்ந்தவர்தான் ஜானகி தேவர். படையின் இரண்டாம் நிலைத் தலைமைக்கு உயர்ந்து, பர்மாவரை சென்று, 1945ல் பின்வாங்கிய நாள்களின் கடும் நடைப்பயணத்தையும் கடந்து திரும்பிய அவர், மறு ஆண்டே மலாயா இந்தியர் காங்கிரசின் நிறுவன உறுப்பினர்களுள் ஒருவரானார். பின்னாளில் மலேசிய நாடாளுமன்றத்தின் மேலவையிலும் இடம்பெற்றார். போர்க்களத்தை யாருக்கும் பள்ளியாகப் பரிந்துரைக்க மாட்டேன். அப்படைக்குச் சென்றவர்கள் பட்ட துன்பத்தை எந்தப் பயிற்சியின் பெயராலும் நியாயப்படுத்தவும் முடியாது. ஆனால் தோட்டத்து வீட்டைத் தாண்டி எந்தப் பொறுப்பும் பெண்ணுக்கு இல்லை என்றிருந்த காலத்தில், ஒரு முழுப் பொறுப்பைக் கையில் கொடுத்தவுடன் அவள் எந்த உயரத்துக்குப் போகிறாள் என்பதை அந்த முகாம் காட்டிவிட்டது.

தேசிய சேவை நம் இளைஞர்களுக்கு ஏற்கெனவே தலைமைப் பயிற்சி தருகிறதே என்று சிலர் கேட்கலாம். தருகிறது; அதன் மதிப்பை நான் குறைக்கவில்லை. இருப்பினும் தேசிய சேவை ஆண்களுக்கே கட்டாயம். நம் மகள்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. மேலும் படையில் அணியும் பதவிச் சின்னம் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. அந்தச் சின்னம் இல்லாத இடத்தில் அதே இளைஞர் மற்றவர்களை எப்படி நடத்துகிறார் என்பதே எஞ்சிய பாதி.

இங்கு தங்கள் நாளிதழையும் குறிப்பிடாமல் இருக்க முடியாது. திரு கோ. சாரங்கபாணி 1935ல் தொடங்கிய தமிழ் முரசு, 1950களில் மாணவர் மணிமன்றம் என்ற பகுதியைப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கியது. அதில் எழுதத் தொடங்கியவர்கள் எழுதுவதோடு நின்றுவிடாமல் மன்றங்கள் அமைத்தார்கள், கூட்டங்கள் நடத்தினார்கள், மேடையில் பேசினார்கள். ஒரு செய்தித்தாளின் மாணவர் பக்கம் தலைவர்களின் பயிற்சிக் களமாகும் என்று அன்று யார் எண்ணியிருப்பார்கள்?

2020ல் கொவிட்-19 நோய்த்தொற்று வெளிநாட்டு ஊழியர்களின் தங்கும் விடுதிகளில் பரவியபோது இன்னொரு களம் திறந்தது. தமிழ் மட்டுமே தெரிந்த ஊழியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் இடையே மொழிபெயர்க்க, நம் இளையர்கள் வீட்டில் இருந்தபடியே தொலைபேசியில் உதவினார்கள். “தம்பி, எனக்கு ஒன்றும் ஆகாதே?” என்று மறுமுனையில் கேட்கும் ஊழியரிடம், மருத்துவர் சொல்லாத ஆறுதலைத் தாமாகச் சேர்க்கவும் கூடாது, அவர் சொன்ன உண்மையை மறைக்கவும் கூடாது, குரலில் கனிவு குறையவும் கூடாது. இருபது வயதில் அந்தக் கேள்விக்கு முன்னால் நின்றவர்களை எந்த நேர்முகத் தேர்விலும் நான் தயங்காமல் தேர்ந்தெடுப்பேன்.

ஆனால் நேர்முகத் தேர்வுகளில் இது நடப்பதில்லை என்பதுதான் என் வருத்தம். நான் முன்பு பணியாற்றிய ஒரு நிறுவனத்தில், விண்ணப்பதாரர் ஒருவர் ஆண்டுதோறும் திருவிழாவில் பெருந்திரளான மக்களுக்கு உணவு வழங்கும் குழுவை நடத்தியதாக எழுதியிருந்தார். நேர்முகத் தேர்வுக் குழுவில் என்னுடன் இருந்த இன்னொருவர், அது சமயம் தொடர்பானது, நமக்குத் தேவையில்லை என்று அந்த வரியைத் தாண்டிவிட்டார். அதே விண்ணப்பதாரர் பள்ளிக் காலத்தில் ஒரு நாள் முகாமில் கலந்துகொண்டு பெற்ற சான்றிதழைப் பற்றி மட்டும் கேள்வி வந்தது. நம் பிள்ளைகளும் இதை உணர்ந்துவிட்டார்கள்; கோயிலில் செய்ததை விண்ணப்பத்தில் எழுதவே கூச்சப்படுகிறார்கள். இந்தக் கூச்சத்தை நாமே போக்க வேண்டும்.

முதலாளிகளைக் குறை கூறுவதற்கு முன்னால் நம் அமைப்புகளிடமும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இளையர்கள் வருவதில்லை என்ற குறை ஒவ்வொரு நிர்வாகக் குழுக் கூட்டத்திலும் ஒலிக்கிறது. அவர்கள் வருகிறார்கள். நாற்காலி அடுக்குகிறார்கள், பதாகை கட்டுகிறார்கள், சமூக ஊடகத்தில் படம் பதிவேற்றுகிறார்கள், விருந்தினருக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். எவ்வளவு செலவு செய்வது, யாரை அழைப்பது, எந்த நிகழ்ச்சியைக் கைவிடுவது என்ற முடிவுகள் மட்டும் அவர்கள் இல்லாத அறையில் எடுக்கப்படுகின்றன. இரண்டு மூன்று ஆண்டுகள் இப்படி ஏவல் வேலை செய்துவிட்டு அவர்கள் விலகிப் போகும்போது நாம் வியப்படைகிறோம். நீச்சல் குளத்தின் கரையில் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் எத்தனை ஆண்டுகள் நின்றாலும் நீந்தக் கற்றுக்கொள்ள மாட்டார்.

பல்கலைக்கழகத் தமிழ் அமைப்புகளில் நிலைமை வேறாக இருப்பதற்கு ஒரு தெளிவான காரணம் உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் ‘சங்கே முழங்கு’ மேடைப் படைப்பை எடுத்துக்கொள்வோம். நிதி திரட்டுவது, அரங்கத்தை முன்பதிவு செய்வது, ஒத்திகைகளை நடத்துவது, நுழைவுச்சீட்டு விற்பது என்று எல்லாவற்றிலும் மாணவர்களே இறங்குகிறார்கள். அவர்களுக்குத் தனித்திறமை இருக்கிறது என்பதைவிட, படிப்பு முடிந்தால் வெளியேறியே ஆக வேண்டும் என்பதே இதற்கு முதற்காரணம். மூத்தவர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருக்க வழியில்லை. ஆகவே அடுத்தவரைப் பழக்குவதைத் தவிர வேறு வழியும் இல்லை. நம் சங்கங்களிலும் ஆலயக் குழுக்களிலும் இந்தக் கட்டாயம் இல்லை. அறநிறுவனங்களுக்கான நல்லாளுமை நெறிமுறை, பொருளாளர் தொடர்ந்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் அப்பொறுப்பில் இருக்கக்கூடாது என்று பரிந்துரைக்கிறது. பணத்தைப் பாதுகாக்க ஏற்பட்ட அந்த ஒழுங்கைத் திருவிழாக் குழு, அன்னதானக் குழு, இளையர் பிரிவு போன்றவற்றின் பொறுப்பாளர்களுக்கும் நாமே மனமுவந்து விரிவுபடுத்தினால் என்ன?

மூத்தோரின் தயக்கமும் எனக்குப் புரிகிறது. காவல்துறை அனுமதி, உணவுச் சுகாதாரம், நன்கொடையாளர்களின் நம்பிக்கை ஆகியவற்றில் ஒரு தவறு நேர்ந்தால் முப்பது ஆண்டுகளில் கட்டிய நற்பெயர் ஒரே நாளில் போய்விடும் என்று அவர்கள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. அதனால்தான் எல்லாவற்றையும் ஒரேயடியாக ஒப்படைக்குமாறு நான் கேட்கவில்லை. ஒரு தண்ணீர்ப் பந்தல், ஒரு வேளை அன்னதானம், தமிழ்மொழி விழாவில் ஒரு நிகழ்ச்சி என்று ஏதேனும் ஒரு பகுதியை முழுவதுமாகக் கொடுக்கட்டும். முழுவதும் என்றால் அதற்குரிய பணமும், அதைச் செலவிடும் முடிவும், வெளியாருடன் பேசும் உரிமையும், முடிந்த பின் கணக்கு ஒப்புவிக்கும் கடமையும் சேர்ந்தே. மூத்தவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். கேட்டால் மட்டும் சொல்லட்டும். நான் சொன்ன அன்னதானக் கூடத்தில் அந்தச் சமையற்காரர் அதைத்தான் செய்தார். கேட்காமலே உத்தரவிட அவருக்கு வயதும் அனுபவமும் இருந்தன. இருந்தும் அவள் வந்து கேட்கும்வரை பேசாமல் இருந்தார்.

தொண்டூழியம் செய்யும் எல்லாரும் தலைவர்களாகிவிடுவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வேண்டியவர் வேண்டாதவர் என்று பிரித்துப் பார்ப்பதையும், குரலை உயர்த்துபவருக்குப் பணிவதையும் கற்றுக்கொடுக்கும் குழுக்களும் உள்ளன. அங்கே பழகும் பிள்ளை அதையே தலைமை என்று எண்ணிவிடும். ஆகவே பெற்றோர் பிள்ளையை எங்கே அனுப்புகிறோம் என்பதையும், அங்கே முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதையும் பார்த்தே அனுப்ப வேண்டும். திரும்பி வந்த பிள்ளையிடம் எத்தனை மணி நேரம் செய்தாய் என்று கேட்பதைவிட, இன்று யாரைச் சம்மதிக்க வைத்தாய், எப்படிச் சம்மதிக்க வைத்தாய் என்று கேட்பது பயன் தரும். வேலைக்கு ஆள் எடுப்பவர்களும், “உங்கள் பேச்சைக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர்களைக் கொண்டு நீங்கள் செய்து முடித்த வேலை எது?” என்ற ஒரு கேள்வியைத் தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். விண்ணப்பத்தில் எழுதக் கூச்சப்பட்ட பலர் அதற்கு நீண்ட பதில் வைத்திருப்பார்கள்.

தங்கள் நாளிதழிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த தைப்பூசத்துக்கான ஆயத்தக் கூட்டங்கள் தொடங்கும்போது, எந்தெந்த ஆலயங்களும் அமைப்புகளும் எந்தப் பகுதியின் முழுப் பொறுப்பையும் முப்பது வயதுக்கு உட்பட்டவர்களிடம் ஒப்படைக்கின்றன என்று கேட்டு வெளியிடுங்கள். திருவிழா முடிந்த பிறகு அந்த இளையர்களையே அழைத்து, கணக்கு எப்படி முடிந்தது, எங்கே சிக்கல் வந்தது, யார் உதவினார்கள் என்று அவர்களின் சொற்களிலேயே எழுதச் செய்யுங்கள். அதற்கான இடத்தை மாணவர் பக்கத்திலேயே ஒதுக்கலாம்.

இப்படிக்கு,
வாசகி,
ஈசூன்